செகண்ட் ஹேண்ட் போன் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கல்லூரியில் சேர்ந்த தங்கைக்காக ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். இணைய விளம்பரம் பார்த்துப் பேசிய ஒருவர், கோவை காந்திபுரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு டீக்கடைக்கு வந்தார். 9,500 ரூபாய். பாக்ஸ் இருந்தது, சார்ஜர் இருந்தது, டிஸ்ப்ளேயில் ஒரு கீறல்கூட இல்லை. பில் மட்டும் வீட்டில் இருக்கிறது, சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை. இருபத்து மூன்றாம் நாள் காலையில், செமஸ்டர் கட்டணம் கட்டப் போனை எடுத்த தங்கைக்குத் திரை முழுக்க ஒரே அறிவிப்புதான் தெரிந்தது: தவணை பாக்கி இருக்கிறது, கட்டினால்தான் போன் திறக்கும்.

அந்த ஆள் கடனில் வாங்கிய போனை, நான்கைந்து தவணை கட்டிவிட்டு எங்களிடம் தள்ளியிருக்கிறார். அவர் எண் அணைந்துவிட்டது. கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளைக்குப் போனால், முழு நிலுவையையும் கட்டினால் திறந்துவிடுகிறோம் என்றார்கள். நிலுவை, நான் கொடுத்த விலையைவிட அதிகம். அந்தப் போன் இன்னும் வீட்டு அலமாரியில்தான் கிடக்கிறது.

அதற்குப் பிறகு தங்கைக்கு இரண்டாவது போன், அப்பாவுக்கு ஒன்று, நண்பர்களுக்காக இரண்டு என்று நான்கு போன்கள் பார்த்துப் பார்த்து வாங்கியாயிற்று. ஒன்றிலும் பிரச்சினை வரவில்லை. அந்த நான்கு முறையும் நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். முழுதாகச் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் நிற்க விற்பவருக்குப் பொறுமை இல்லை என்றால் அந்தப் போனை விட்டுவிடுங்கள்.

1. என்ன வேலைக்கு, எவ்வளவுக்கு

வாட்ஸ்அப்பும் எஸ்எம்எஸ்ஸும், இணையத்தில் தேடுவதும் படிவம் நிரப்புவதும், படமும் பாட்டும். பெரும்பாலானவர்களுக்குப் போன் இந்த மூன்று வேலைக்குத்தான். இவற்றுக்கு விலை உயர்ந்த கேமராவோ விளையாட்டுக்கென்று செய்த சிப்போ தேவையில்லை. 6 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு, நல்ல பேட்டரி, இன்னும் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருக்கும் மாடல். இவை இருந்தால் போதும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது அப்டேட்டைத்தான். போன் புதிது போல இருக்கும், ஆனால் நிறுவனம் அதைக் கைவிட்டு இரண்டு வருடம் ஆகியிருக்கும். செட்டிங்ஸில் அபௌட் போன் பகுதிக்குப் போய் 'செக்யூரிட்டி பேட்ச்' தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால், ஒன்று அந்த மாடலுக்கு அப்டேட் நின்றுவிட்டது, அல்லது போன் நீண்ட காலம் அணைந்து கிடந்திருக்கிறது. இரண்டில் எது என்று கேளுங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு ஏழு வருடம் அப்டேட் தருவதாக அந்த நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. விலை குறைந்த மாடல்களில் பலவற்றுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. ஐபோனிலும் இதே கதைதான். 2025 மே மாதத்திலிருந்து ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே வாட்ஸ்அப் ஓடாது. அதனால் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் வாட்ஸ்அப்பே இருக்காது.

விலைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. பழைய போன் விலையோடு பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்கிறேன். அந்தத் தொகை, அதே தரத்தில் ஒரு புதுப் போன் விலையில் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் புதிதே வாங்கிவிடலாம். புதுப் போன் விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போனாலும், ஒரு வருட வாரண்டியும் உங்கள் பெயரில் பில்லும் வரும்.

2. எங்கே வாங்குவது

முதலில் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். அலுவலகத்தில், சொந்தத்தில் யாராவது புதுப் போனுக்கு மாறிக்கொண்டுதான் இருப்பார்கள். ஏதாவது ஆனால் அவர் வீட்டுக்கே போய் நிற்கலாம்.

அடுத்தது கடை. சென்னையில் ரிச்சி தெரு, பர்மா பஜார் போன்ற இடங்களில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் சர்வீஸ் கடைகளிலேயே விற்பனையும் நடக்கும். கடையில் வாங்கினால், ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) 'டெஸ்டிங் வாரண்டி' எத்தனை நாள் என்பதும் பில்லிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏழு நாள், பதினைந்து நாள் என்று வாயால் சொல்வது கணக்கில் வராது. விற்பனை கூடிய சனி, ஞாயிறு மாலையில் போகாதீர்கள். வார நாளில் காலை பதினோரு மணிக்குப் போனால் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும், வெளிச்சமும் இருக்கும்.

மூன்றாவது வழி இணைய விளம்பரம். விலை குறைவு, ஆபத்து அதிகம். நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்பாதீர்கள். 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, கூரியரில் அனுப்புகிறேன்' என்று அடையாள அட்டைப் படம் அனுப்புவது பழகிப்போன மோசடி. பணம் திருப்பித் தருகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்பதும் அதே ரகம்தான். பணம் உங்களுக்கு வர வேண்டுமென்றால் யுபிஐ பின் போடவே வேண்டியதில்லை. பின் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு நாள் கழித்து அழைத்தால் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

3. கையோடு எடுத்துப்போக வேண்டியவை

டேட்டா உள்ள உங்கள் சிம், சிம் தட்டைத் திறக்கும் ஊசி, நன்றாக வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்த சார்ஜரும் கேபிளும், வயர் இயர்போன், பேனா, இரண்டு வெள்ளைத் தாள். வைஃபை கொடுக்க ஹாட்ஸ்பாட் உள்ள இன்னொரு போன். கூட ஒரு ஆள் வந்தால் நல்லது. பரிசோதனை நடக்கும்போது விற்பவர் பேசிக்கொண்டே இருப்பார். ஒருவர் அவரிடம் பேச, இன்னொருவர் போனைப் பார்க்கலாம்.

வீட்டிலோ தெருமுனையிலோ சந்திக்காமல், சார்ஜ் போட பிளக் இருக்கும் ஓர் உணவகத்தில் சந்தியுங்கள். பகலாக இருக்கட்டும்.

4. ஐஎம்இஐ எண்ணைச் சரிபார்க்கவும்

பார்க்கப் போனைக் கையில் எடுத்ததும் அழைப்புத் திரையில் *#06# அடியுங்கள். 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும். அந்த எண் பாக்ஸில், பில்லில், செட்டிங்ஸில் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். சில போன்களில் சிம் தட்டிலோ பின்புறத்திலோகூட அச்சிட்டிருக்கும். ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் அந்தப் பாக்ஸ் வேறு போனுடையது. போர்டு மாற்றியது, எண் மாறிவிட்டது என்றால் சர்வீஸ் சென்டர் கொடுத்த ரசீதைக் கேளுங்கள்.

அடுத்து, உங்கள் போனிலிருந்து 14422 எண்ணுக்கு ஓர் எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் மூன்று பெரிய எழுத்துகள், ஓர் இடைவெளி, அதன்பின் 15 இலக்க எண். தொலைத்தொடர்புத் துறையின் பட்டியலில் அந்த எண்ணின் நிலை என்ன என்று பதில் வரும். இதையே அந்தத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் செயலியிலும் பார்க்கலாம். கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள எண் என்று மூன்றில் எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நிறுவனம், மாடல் பெயர் காட்டினால் கையில் இருக்கும் போனோடு அது பொருந்துகிறதா என்றும் பாருங்கள். இரண்டு எண்களையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததை விட்டுவிடுவது நிறைய பேர் செய்யும் தவறு.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பறிகொடுத்தவர் இன்னும் புகார் கொடுக்காத போன், பட்டியலில் சுத்தமாகத்தான் தெரியும். கடன் பாக்கி இருக்கிறதா என்பதும் இதில் வராது. என் முதல் போனும் இந்தச் சோதனையில் தேறியிருக்கும். ஆகையால் இதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். நம்பரை மாற்றித் தருகிறேன், பயப்படாதீர்கள் என்று சொல்லும் கடையில் நிற்கவே வேண்டாம்.

5. லாக் இருக்கிறதா?

இந்தப் படிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பணம் மொத்தமாகப் போவது இங்கேதான். பழைய போனில் மூன்று வகை லாக் இருக்கலாம்.

முதலாவது கணக்கு லாக். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கு உள்ளே இருக்கும்போதே, பட்டன்களை அழுத்தி ரெக்கவரி வழியாக ரீசெட் செய்தால், திரும்ப ஆன் ஆகும்போது பழைய கணக்கைக் கேட்கும். கடைக்காரர்கள் எஃப்ஆர்பி லாக் என்பது இதைத்தான். அதனால் விற்பவரே உங்கள் கண் முன்னால் தன் கணக்கை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாக ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். ஏற்கெனவே ரீசெட் செய்து கொண்டுவந்திருக்கிறேன் என்றாலும் சரி, இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். லாக்கைத் தற்காலிகமாகத் தாண்டிவைத்த போன்கள் இங்கேதான் மாட்டும். ரீசெட் ஆனதும் உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கூகுள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரை நீங்களே கொண்டுபோங்கள். வைஃபை படியைத் தாண்டிப் போகாதீர்கள். இணையம் வந்தால்தான் லாக் இருப்பது தெரியும்.

ஐபோனில் செட்டிங்ஸின் மேலே விற்பவரின் பெயர் இருக்கும். அதில் 'சைன் அவுட்' செய்தால், ஐபோனைக் கணக்கோடு பூட்டிவைக்கும் ஃபைண்ட் மை வசதி தானாக அணையும், அதற்கு அவருடைய கடவுச்சொல் தேவைப்படும். கடவுச்சொல் மறந்துவிட்டது, நாளைக்குச் சொல்கிறேன் என்றால், போனை நாளைக்கே வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, அலுவலக லாக். நிறுவனம் ஊழியருக்குக் கொடுத்த போனாக இருந்தால், ரீசெட் செய்த பிறகு அமைக்கும்போது 'இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வரி வரும். ஐபோனில் அது செட்டிங்ஸின் மேல்பகுதியில் சிறிய எழுத்தில் நிற்கும். அந்த வரியைப் பார்த்தால் வாங்காதீர்கள்.

மூன்றாவது என்னை மாட்டிய இஎம்ஐ லாக். தவணையில் விற்கும் போன்கள் சிலவற்றில் கடன் நிறுவனம் ஒரு பூட்டுச் செயலியை அட்மின் அனுமதியோடு வைத்திருக்கும். தவணை ஒழுங்காகப் போகும் வரை அது வெளியே தெரியாது. பாக்கி விழுந்த பிறகுதான் திரையை மூடும். ரீசெட் செய்தாலும் இணையத்தில் இணைந்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும் வகைகள் உண்டு. ஆகவே ரீசெட் முடிந்ததும் இருபது நிமிடம் போனை இணையத்திலேயே வைத்திருங்கள். பிறகு செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடி அந்தப் பட்டியலைத் திறங்கள். கூகுளின் ஃபைண்ட் வசதி அங்கே இருப்பது இயல்பு. கடன் நிறுவனத்தின் பெயரிலோ, அணைக்க முடியாமல் மங்கலாகவோ ஏதாவது தெரிந்தால் அதுதான் பூட்டு.

இவ்வளவு பார்த்தும் தெரியாமல் போக வாய்ப்பு இருக்கிறது. அதற்குக் காகிதம்தான் காவல். அசல் பில்லை வாங்கி மேலிருந்து கீழ்வரை படியுங்கள். தவணையில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் கடன் நிறுவனத்தின் பெயர், டவுன் பேமென்ட் தொகை, கடன் எண் இவற்றில் ஏதாவது ஒன்று பில்லில் இருக்கும். இருந்தால், கடன் முடிந்ததற்கான என்ஓசி, அதாவது தடையின்மைச் சான்று கேளுங்கள். கடனை முடித்தவருக்கு அதைக் கடன் நிறுவனத்திடமிருந்து வாங்குவது பெரிய வேலை கிடையாது. 'கடைசித் தவணை அடுத்த மாதம், நான் கட்டிவிடுகிறேன்' என்றால், கட்டி முடித்து என்ஓசியோடு வரச் சொல்லுங்கள். போன் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாமல் விலை மட்டும் மிக மலிவாக இருந்தால், என் அனுபவத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த லாக்கைத்தான்.

6. உடம்பைப் பாருங்கள்

போனை மேசையில் மல்லாக்க வைத்து மூலைகளை லேசாகத் தட்டுங்கள். ஆடினால் பின்மூடி வீங்கியிருக்கலாம், அதாவது பேட்டரி உப்பியிருக்கலாம். உப்பிய பேட்டரியோடு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அது தீப்பிடிக்கக்கூடியது. விலை குறைத்தாலும் வேண்டாம்.

சிம் தட்டை வெளியே எடுத்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பல போன்களில் அங்கே தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறும் ஒரு சிறிய வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீரில் விழுந்த போன் இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்காலத்தில் போர்டு போகும்.

டிஸ்ப்ளேக்கு முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சாம்பல் நிறப் படங்களை வைத்துப் பாருங்கள். அமோலெட் திரையில் பச்சைக் கோடு, பழைய ஐகான்களின் நிழல், விளிம்பில் மஞ்சள் எல்லாம் அப்போது தெரியும். சாம்சங்கில் *#0*# அடித்தால் இதற்கான சோதனைப் பட்டியலே வரும். ஷாவ்மியில் *#*#6484#*#*. மற்றவற்றில் ஒரு செயலி ஐகானை அழுத்திப் பிடித்துத் திரை முழுவதும் மெதுவாக இழுங்கள். எங்காவது நழுவி விழுந்தால் அந்த இடத்தில் டச் இல்லை. டெம்பர் கிளாஸ் ஒட்டியிருந்தால் கழற்றிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள், கீழே விரிசல் இருக்கலாம். டிஸ்ப்ளே மாற்றியது என்றால் ஒரிஜினலா, காப்பியா என்று கேட்டு அதற்கேற்ப விலை பேசுங்கள். காப்பி டிஸ்ப்ளே வெயிலில் மங்கும். அதனால் ஒரு தடவை வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள். ஐபோன் 12 முதல், மாற்றிய பாகங்களை செட்டிங்ஸின் அபௌட் பகுதியே காட்டிவிடும்.

பேட்டரிக்கு ஐபோனில் 'பேட்டரி ஹெல்த்' சதவீதம் இருக்கிறது. 80-க்குக் கீழே இருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். ஆண்ட்ராய்டில் பல மாடல்களில் இது கிடையாது. நான் செய்வது இதுதான்: சோதனை தொடங்கும்போது சதவீதத்தைத் தாளில் குறித்துவிட்டு, முழு வெளிச்சத்தில் இருபது நிமிடம் யூடியூப் ஓடவிடுவேன். ஐந்து, ஆறு சதவீதம் இறங்கினால் கவலையில்லை. பன்னிரண்டுக்கு மேல் இறங்கினாலோ, 40-லிருந்து திடீரென்று 31-க்குக் குதித்தாலோ பேட்டரி முடிந்துவிட்டது. பிறகு உங்கள் சார்ஜரைக் குத்தி, கேபிளை லேசாக அசையுங்கள். விட்டு விட்டு ஏறினால் சார்ஜிங் போர்ட் பழுது.

கேமரா, ஃபிளாஷ், கைரேகை, வைப்ரேஷன், வால்யூம் பட்டன்கள் எல்லாவற்றையும் ஒரு முறை தொட்டுவிடுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.

7. உங்கள் சிம்மைப் போட்டு மூன்று வேலையையும் செய்து பாருங்கள்

விற்பவரின் சிம்மில் ஓடுகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு சிம் பள்ளங்களிலும் உங்கள் சிம்மைப் போட்டுப் பாருங்கள்.

செய்திக்கு: வீட்டுக்கு ஒரு அழைப்பு போட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். காதில் வைத்ததும் திரை அணைய வேண்டும், எடுத்ததும் எரிய வேண்டும். அணையாவிட்டால் பேசும்போது கன்னம் பட்டே அழைப்பு துண்டாகும். ஸ்பீக்கரிலும் பேசுங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, குரல் அழைப்பே 4ஜி வழியாகத்தான். ஆகவே வோல்டிஇ (4ஜி வழியாகவே பேசும் வசதி) இல்லாத, அல்லது அந்த நெட்வொர்க்கில் அது வேலை செய்யாத பழைய வெளிநாட்டுப் போனில் டேட்டா வரும், அழைப்பு போகாது. ஓர் ஓடிபி வரவழைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பிக் கேளுங்கள், மைக் எப்படி என்று தெரிந்துவிடும். தமிழில் ஒரு பத்தி தட்டச்சு செய்யுங்கள். மெதுவான போனில் விரல் போன பிறகு எழுத்து வரும். அப்பாவுக்குப் போன் பார்த்தபோது இரண்டு போன்களை நான் விட்டது இதனால்தான்.

வெளிநாட்டுப் போன் என்றால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதலான மாடல்களில் சிம் தட்டே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான். வேறு நாட்டு நெட்வொர்க்கோடு பூட்டப்பட்ட போனும் வரும். ஐபோனின் அபௌட் பகுதியில் 'கேரியர் லாக்' என்ற வரியில் தடை எதுவும் இல்லை என்று இருக்க வேண்டும். 5ஜி வேண்டுமென்றால் என்28, என்78 ஆகிய இரண்டு அலைவரிசைகளும் அந்த மாடலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜியோ இந்த இரண்டையும் பயன்படுத்துகிறது. பிஎஸ்என்எல் 4ஜி வைத்திருப்பவர்கள் 28-ஆம் பேண்டைத் தேடுங்கள்.

இணையத்துக்கு: ரயில் முன்பதிவுத் தளம், ஒரு செய்தித்தளம், உங்கள் கல்லூரி அல்லது அலுவலகத் தளம் என்று ஐந்தாறு பக்கங்களைத் திறந்துவைத்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். ஒவ்வொன்றும் முதலிலிருந்து ஏறினால் ரேம் போதவில்லை. பாதி நிரப்பிய விண்ணப்பம் அழிந்துபோகும் போன் அது. ஹாட்ஸ்பாட் போட்டு இன்னொரு போனை இணைத்தும் பாருங்கள். பிறகு உங்கள் வங்கிச் செயலியை நிறுவிப் பாருங்கள், உள்ளே நுழைய வேண்டாம். ரூட் செய்த, அதாவது மென்பொருள் கட்டுப்பாட்டை உடைத்த போன் என்றால் பல வங்கிச் செயலிகள் திறக்கும்போதே மறுத்துவிடும்.

பொழுதுபோக்குக்கு: ஓடிடி தளங்கள் எச்டி தரத்தில் ஓட, போனில் வைட்வைன் எல்1 என்ற நகல் தடுப்புச் சான்று இருக்க வேண்டும். எல்3 மட்டும் இருந்தால் எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும் படம் மங்கலாகத்தான் வரும். நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' என்ற இடத்தில் இது தெரியும். கணக்கு இல்லாவிட்டால் டிஆர்எம் இன்ஃபோ என்ற சிறிய செயலி காட்டிவிடும். எல்1 இருக்க வேண்டிய மாடலில் எல்3 காட்டினால், யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். இயர்போன் துளை இருந்தால் குத்திப் பாருங்கள். எஃப்எம் உள்ள போனில் அந்த வயர்தான் ஆண்டெனா, அது இல்லாமல் வானொலி எடுக்காது.

8. விலை பேசுவதும் எழுதி வாங்குவதும்

குறித்துவைத்த குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி விலை பேசுங்கள். தங்கையின் இரண்டாவது போனுக்கு 10,000 கேட்டார்கள். பேட்டரி தளர்ந்திருந்ததைக் காட்டி 8,800-க்கு முடித்தேன். பேட்டரி மாற்ற 1,150, சார்ஜர் 600, டெம்பர் கிளாஸ் 100, பேக் கேஸ் 150. ஆக மொத்தம் 10,800. போன் விலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் இந்த இரண்டாயிரம் இடிக்கும்.

வாங்க வேண்டிய காகிதங்கள்: அசல் பில், கடனில் வாங்கியிருந்தால் என்ஓசி, விற்பனைக் கடிதம். கடிதத்தை வெள்ளைத் தாளில் நீங்களே எழுதிக்கொள்ளலாம். விற்பவர் பெயர், முகவரி, செல் எண், போன் மாடல், இரண்டு ஐஎம்இஐ எண்கள், தொகை, தேதி, நேரம். 'இந்தப் போன் எனக்குச் சொந்தமானது, இதன்மேல் கடன் பாக்கியோ புகாரோ இல்லை, இனி எனக்கு உரிமை இல்லை' என்று மூன்று வரி. கீழே கையெழுத்து. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, பெயரும் முகமும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, ஆதாரின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பில்லில் வேறு பெயர் இருந்தால் அவர் யார், எப்படிக் கைமாறியது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகிக்கக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம். நாளைக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால், நேர்மையாக வாங்கினேன் என்று காட்ட இந்தத் தாள்தான் கையில் இருக்கும். பணத்தையும் ரொக்கமாகக் கொடுக்காமல், கடிதத்தில் உள்ள அதே பெயருக்கு யுபிஐயில் அனுப்புங்கள். அனுப்பும் முன் திரையில் தெரியும் பெயரைப் படியுங்கள். வேறு பெயர் வந்தால் நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

வேறொருவர் பார்க்க வருகிறார், பத்து நிமிடத்தில் முடிவு சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். அன்றைக்கு எனக்கும் அதையே சொன்னார்கள். அவரிடமே விற்கச் சொல்லிவிட்டு நடங்கள். அதே மாடல் அடுத்த வாரமும் கிடைக்கும்.

9. முதல் மாதம்

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கணக்கோடு எல்லா அப்டேட்டையும் போட்டுவிடுங்கள். பத்து நாளைக்கு, இதுவரை பயன்படுத்திய உங்கள் போனை விற்காதீர்கள், வங்கிச் செயலிகளையும் அதிலேயே வைத்திருங்கள். அடுத்த தவணைத் தேதியைப் போன் தாண்டும் வரை, அதாவது ஒரு மாதம் வரை, புகைப்படங்களையும் பாடக் குறிப்புகளையும் தினமும் வேறு இடத்தில் நகல் எடுங்கள். தங்கையின் இருபத்து மூன்று நாள் வகுப்புக் குறிப்புகள் அந்தப் பூட்டிய போனுக்குள்ளேயே போய்விட்டன. 14422 சோதனையைப் பதினைந்தாம் நாள் ஒரு முறை, முப்பதாம் நாள் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். தாமதமாகப் பதிவான புகார் இருந்தால் அப்போது தெரியும்.

கடையில் பில்லோடு வாங்கிய போன் வாரண்டி நாளுக்குள் பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தனி ஆளிடம் வாங்கியது என்றால், விற்பனைக் கடிதமும் யுபிஐ பதிவும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். என்னிடம் அன்றைக்கு இரண்டுமே இல்லை, ரொக்கமாகத்தான் கொடுத்திருந்தேன். பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவர்மேல் என்ன எழுதுவது என்று நிலையத்தில் கேட்டார்கள்.

இன்னொரு வேலை. இரண்டு ஐஎம்இஐ எண்களையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி, பில்லும் கடிதமும் அதற்குள்ளேயே இருக்கட்டும். போன் தொலைந்தால் முதலில் காவல் புகார், அடுத்தது அதே எண்ணுக்கு மாற்று சிம். மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பதால் ஓடிபிக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பிறகு சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனை முடக்கும் பகுதியில் புகார் நகல், பில், அடையாள அட்டை, ஐஎம்இஐ எண் கொடுத்துப் பதிவு செய்தால் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் ஓடாது. கிடைக்கும் கோரிக்கை எண்ணையும் அதே நோட்டில் எழுதிவையுங்கள். போன் திரும்பக் கிடைத்தால் முடக்கத்தை நீக்க அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.